வளைந்த மரப்பரப்பைத் தேய்ப்பதற்கான உப்புத்தாள் கட்டையை வீட்டிலேயே எப்படிச் செய்வது?

நாற்காலிக் கையின் வளைவை விரலால் தேய்த்தால் அலை அலையாகிறது, தட்டைக் கட்டையை வைத்தால் பட்டை பட்டையாகச் சப்பையாகிப்போகிறது, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இரண்டு தப்பையும் செய்துவிட்டுத்தான் நானும் அதற்கு வந்தேன்.

முதன்முதலாக ஒரு சாய்வு நாற்காலியைப் புதுப்பித்தபோது, உப்புத்தாளை நான்காக மடித்து விரலால் அழுத்தியே நாற்காலியின் இரண்டு கைகளையும் தேய்த்து முடித்தேன். வெறும் மரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பூச்சு வார்னிஷ் காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், மூன்று விரல்கள் ஓடிய தடம் நீளவாக்கில் அப்படியே கிடந்தது. பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

விரல் நுனி மெத்தென்றது. மரத்தில் எங்கே இளக்கமோ அங்கே இன்னும் ஆழமாக இறங்கும். கட்டை அப்படியல்ல, மேட்டை மட்டும் தொட்டு, பள்ளத்தைத் தாண்டிப் போகும். வளைவிலும் அதே வேலை நடக்க வேண்டுமென்றால் கட்டையின் முகம் அந்த வளைவுக்கு எதிர்வடிவாக இருக்க வேண்டும். அதை அளந்து வெட்டத் தேவையில்லை. நீங்கள் தேய்க்கப்போகும் மரமே வெட்டிக் கொடுத்துவிடும்.

செய்முறை இதுதான். 80 நம்பர் உப்புத்தாளை (நம்பர் குறையக் குறையத் தாள் சொரசொரப்பு கூடும்), சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி நாற்காலிக் கையின் மேல் போர்த்தி, நகராமல் ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடித்துக்கொள்ளுங்கள். வெப்பத் தடுப்புக்காகச் சுவரில் பதிக்கும் அடர்த்தியான நுரைப் பலகையில் ஓர் உள்ளங்கை நீளத் துண்டை வெட்டி, அந்தத் தாளின் மேல் முன்னும் பின்னும் தேயுங்கள். சில நிமிடங்களில் நுரையின் அடிப்பக்கம் நாற்காலிக் கையின் வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் நின்று தேய்க்காமல் நீளமாக ஓட்டுங்கள். அப்போதுதான் மரத்தில் ஏற்கெனவே இருக்கும் சின்னச் சின்ன அலைகள் கட்டையில் பதியாது. மணிமணியாக உதிரும் தெர்மாகோல் இதற்கு ஆகாது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தாளின் கனமும் தானாகவே கணக்கில் வந்துவிடுவது. தாளின் மேல் வைத்துத் தேய்த்த கட்டை என்பதால், பிறகு அதே கனத் தாளைக் கட்டையில் ஒட்டும்போது இடைவெளி சரியாக நிரம்பிவிடுகிறது. ஒட்டுவதற்கு இருபக்க ஒட்டுநாடாவே போதும். கரைப்பான் கலந்த காண்டாக்ட் பசை அந்த நுரையைக் கரைத்துவிடும். பாடுபட்டு எடுத்த வடிவம் கண்ணெதிரே உருகிப்போகும்.

குழிந்த பரப்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பிவிசி குழாய்த் துண்டோ உருட்டுக் கட்டையோ எடுத்து, மெல்லிய ரப்பர் ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் தாளைச் சுற்றினால் போதும். ரப்பரும் தாளும் சேர்ந்த பிறகும் அதன் வளைவு மரத்தின் குழிவைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதானால் குழியின் இரண்டு விளிம்புகள் மட்டும் தேயும், அடி தேயவே தேயாது. ரொம்பச் சிறிதானால் அது தன் பங்குக்கு ஒரு வாய்க்கால் வெட்டும். நேராக ஓட்டாமல் சற்றே சாய்வாக ஓட்டி அதைத் தவிர்க்கலாம்.

மேடும் குழியும் மாறி மாறி வரும் அலங்கார விளிம்புகளுக்கு, கார் ஒடுக்குகளை நிரப்பும் பட்டியால் அச்சு எடுப்பேன். விளிம்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் படியவைத்து, கெட்டியாக்கி கலந்த பட்டியை அப்பி, முதுகில் ஒரு மரத்துண்டை அழுத்தி வைத்துவிட வேண்டும். மரத்துண்டில் இரண்டு மூன்று திருகாணிகளைப் பாதி இறக்கி, தலைகள் பட்டிக்குள் புதையும்படி வைத்தால் கழன்று வராது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இறுகிவிடும். கூர்மையான உள்மூலைகளில் தாள் மடங்காது. அங்கே அச்சை இரண்டாக அறுத்துத் தனித்தனிக் கட்டைகளாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. அவசரத்துக்கு ஒரு பழைய சீட்டுக்கட்டும் கைகொடுக்கும். விளிம்பில் அழுத்தினால் சீட்டுகள் ஒவ்வொன்றாக நழுவி அந்த வடிவத்துக்கு நிற்கும். இறுக்கிப் பிடித்துத் தாளைச் சுற்றிக்கொள்ளலாம்.

நீண்டு மெதுவாக வளையும் பரப்புக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டை. இரு முனைகளிலும் கைப்பிடித் துண்டு ஒட்டினால் அழுத்தத்துக்குத் தகுந்தபடி வளையும், சின்னப் பள்ளங்களில் விழாது. நாற்காலிக் கால் போன்ற உருளைகளைத் துணி முதுகு கொண்ட உப்புத்தாள் பட்டையால் தழுவி மாறி மாறி இழுக்கலாம், ஆனால் கீறல்கள் மர ரேகைக்குக் குறுக்கே விழும். கடைசிச் சுற்றை ரேகையின் போக்கிலேயே, பழைய ரப்பர் செருப்பின் அடியிலிருந்து வெட்டிய துண்டில் தாளைச் சுற்றித் தேய்த்து முடித்துவிடுங்கள். ரப்பரின் இளக்கம் அந்த வேலைக்குச் சரியாக இருக்கும்.

எந்தக் கட்டையானாலும் தாளின் முதுகை முதலில் மேசை விளிம்பில் இரண்டு திசைகளிலும் இழுத்துப் பழக்குங்கள். விறைப்பு போய், வளைக்கும்போது வெடிக்காது. மரத்தின் மேல் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால், கோடு மிச்சமிருக்கும் இடமே பள்ளம். 80, 120, 180, 220 என்று வரிசையாகப் போங்கள், இடையில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் பூச்சுக்குப் பிறகு எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் தூசியைத் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். முகக்கவசம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்; மரத்தூசி நுரையீரலுக்கு ஆகாது, நுரைத்தூளும் அப்படியே.

உங்கள் நாற்காலிக்கு மேற்புறத்துக்கு ஒரு நுரைக் கட்டையும், கை முன்னால் சுருளும் இடத்துக்கு ஒரு குழாய்த் துண்டும் போதும் என்று நினைக்கிறேன். அலை ஏற்கெனவே ஆழமாக இருந்தால் 120ல் தொடங்காதீர்கள். 80லேயே பென்சில் கோடு முழுவதும் அழியும்வரை பொறுமையாக ஓட்டுங்கள்.