பெட்ரோலிய மேற்படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வின் மதிப்பெண் எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும்? (தாம்பரம்)

முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். தேர்வு அறிவிப்பிலேயே இருக்கும் செய்திக்குக் கடிதம் எதற்கு?

வேதிப் பொறியியல் படித்தவன் பெட்ரோலியப் பொறியியலில் எம்.டெக். சேரலாமா? (பெரம்பூர்)

சேரலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இது கடல்சார் பொறியியல் துறையின் கீழ் வருகிறது. தன்பாத் ஐ.ஐ.டி.யில் தனித் துறையே உண்டு. 2017 முதல் கேட் தேர்வில் பெட்ரோலியத்துக்குத் தனித்தாள் இருப்பதால், எந்தத் தாளை ஏற்பார்கள் என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டே தேர்வுக்கு விண்ணப்பியுங்கள்.

மணலி சுத்திகரிப்பு ஆலையில் பணியாற்ற ஆசை. பிரிட்டனில் பெட்ரோலியப் பொறியியல் எம்.எஸ்சி. படிக்குமாறு முகவர் சொல்கிறார். கடன் வாங்கலாமா? (திருவொற்றியூர்)

மாதத்துக்கு நான்கு கடிதமாவது இந்தக் குழப்பத்தோடு வருகிறது. பெட்ரோலியப் பொறியியல் என்பது கிணறு தோண்டுவது, ரிசர்வாயரில், அதாவது அவை தேங்கியிருக்கும் நிலத்தடிப் பாறையில், எண்ணெயும் வாயுவும் நீரும் எப்படி நகரும் என்று கணக்கிடுவது, அவற்றை மேலே கொண்டுவருவது ஆகியவற்றோடு ஏறத்தாழ முடிந்துவிடும் படிப்பு. அதன் பிறகு கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிப்பதும் கந்தகத்தை நீக்குவதும் வேதிப் பொறியாளரின் வேலை. மணலிதான் இலக்கு என்றால், உங்களுக்கு உரியது கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் உள்ள பெட்ரோலியச் சுத்திகரிப்பு, பெட்ரோகெமிக்கல் எம்.டெக். போன்ற படிப்பே தவிர, ஓராண்டில் முடியும் வெளிநாட்டு எம்.எஸ்சி. அன்று. என்னிடம் வந்த ஒரு மாணவர் இருபது லட்சத்துக்கு மேல் செலவழித்துத் திரும்பிய பிறகுதான் பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தார். அதில் எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் வடிகலன் பற்றி ஒரு பாடம்கூட இல்லை. முகவருக்குத் தரகு கிடைத்துவிடும், தவணை உங்கள் தந்தையார் தலையில் விழும். பாடத்திட்டத்தை வரிவரியாகப் படிக்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

நார்வேயில் கட்டணமே இல்லையாமே? (வேளச்சேரி)

அது பழைய கதை. 2023 இலையுதிர் பருவம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும்.

எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டா? (மயிலாப்பூர்)

2014 நடுவில் நூறு டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய், 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போயிற்று. ஆகவே சேரும் ஆண்டின் விலையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிப்பதற்கும் புவிவெப்பக் கிணறுகளுக்கும் இதே ரிசர்வாயர் அறிவுதான் வேண்டும். அவை கற்பிக்கப்படுகின்றனவா என்பதையும், மீண்டும் சொல்கிறேன், பாடத்திட்டத்தில் பாருங்கள்.

எனக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்? (ஊர் குறிப்பிடவில்லை)

இளநிலையில் என்ன படித்தீர்கள், கேட் மதிப்பெண் எவ்வளவு என்று எழுதினால் பதில் தரலாம்.