லேயர் போட்டால் ஏன் இரைச்சலாகிறது?

கேள்வி: என்னிடம் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. பியானோவோடு ஸ்ட்ரிங்ஸை (வயலின் கூட்டத்தின் ஒலி) லேயர் செய்து, அதாவது ஒரே கட்டையில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்படி வைத்து வாசித்தால் இரைச்சலாகிறது, சில சுரங்கள் நடுவிலேயே அறுந்துபோகின்றன. ஸ்ப்ளிட் போட்டு (கட்டைகளை இரு பகுதியாகப் பிரித்து) இடது கையில் பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) வைத்தால் வலது கைக்கு இடம் போதவில்லை. கீபோர்டில் கோளாறா?

பதில்: கீபோர்டைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் காலைக் கவனியுங்கள். கட்டையை விட்டபின்னும் ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி இருந்தாலும் பியானோ ஒலி தானாகத் தேய்ந்துவிடும். ஸ்ட்ரிங்ஸ் தேயாது, பெடலை விடும்வரை அப்படியே நிற்கும். சி மேஜர் கார்டிலிருந்து (கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) ஜி மேஜருக்குப் போகும்போது பெடலை விட மறந்தால், தனிப் பியானோவில் அவ்வளவாகத் தெரியாது. லேயரில் பழைய சி-யும் புதிய பி-யும் உரசுவது பளிச்சென்று கேட்கும். கார்டு மாறும்போதெல்லாம் பெடலை விட்டு மிதித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

சுரம் அறுவதற்கும் இதே பெடல்தான் காரணமாக இருக்கும். 32 பாலிஃபனி உள்ள கீபோர்டில் ஒரே நேரத்தில் 32 ஒலிகள்தான் கேட்கும். லேயரில் ஒரு கட்டைக்கு இரண்டு ஒலி. ஐந்து கட்டையை அழுத்தினால் பத்து. பெடலை விடாமல் மூன்று கார்டு வாசித்தால் முப்பது. நான்காவது வரும்போது பழைய ஒலிகளை வெட்டித்தான் இடம் தர முடியும்.

அப்புறம், இரண்டு வாய்ஸையும் (ஒலி வகை) ஒரே வால்யூமில் வைக்காதீர்கள். பியானோ 100 என்றால் ஸ்ட்ரிங்ஸை 50, 60-இலிருந்து தொடங்கிக் காதால் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரிங்ஸ் மெதுவாக எழும் ஒலி என்பதால் வேகமான மெலடிக்கு லேயரே வேண்டாம் என்பது என் கட்சி.

இனி ஸ்ப்ளிட். பல மாடல்களில் ஸ்ப்ளிட் பாயின்ட், அதாவது பிரியும் கட்டை, நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் ஷார்ப்பில் இருக்கும். அப்படியானால் இடது கைக்கு 19 கட்டை, வலது கைக்கு 42. பேஸை ஒற்றைச் சுரமாகத்தானே வாசிக்கிறீர்கள்? 12 கட்டை போதும். இடது ஓரத்திலிருந்து முதல் பி வரை பேஸ் என்று வைத்தால் வலது கைக்கு 49 கட்டை கிடைக்கும். சில மாடல்களில் ஸ்ப்ளிட் கட்டை இடது பக்கம் சேரும், சிலவற்றில் வலது பக்கம், அழுத்திப் பார்த்துவிடுங்கள். பேஸ் அதலபாதாளத்தில் உறுமினால் அந்த வாய்ஸை மட்டும் ஒரு ஆக்டேவ் ஏற்றுங்கள்.

ஸ்டைல் (கீபோர்டே தரும் தாளமும் பக்கவாத்தியமும்) ஓடவிட்டு வாசிப்பவரானால் கொஞ்சம் பொறுங்கள். பல கீபோர்டுகளில் கார்டு பிடிக்கும் பகுதிக்கும் அதே ஸ்ப்ளிட் பாயின்ட்தான். 12 கட்டைக்குள் கார்டு பிடிப்பது விரல்களுக்கு நெருக்கடி. அதற்குப் பழைய 19-ஏ தேவலை.

எல்லாம் சரியானதும் ரெஜிஸ்ட்ரேஷனில் (அமைப்புகளை வைத்துக்கொள்ளும் நினைவகம்) சேமியுங்கள். இல்லாவிட்டால் பல மாடல்கள் ஆஃப் செய்ததுமே அத்தனையையும் மறந்துவிடும்.