சந்தேகம் நேரத்துக்கு வந்தது

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா நுழைந்த போர்களைப் பற்றி வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1898இல் ஸ்பெயினோடு போருக்கு மெய்ன் கப்பல் வெடிப்பு, 1964இல் வியட்நாம் போருக்கு டோங்கின் வளைகுடா, 2003இல் இராக் போருக்குப் பேரழிவு ஆயுதங்கள். மூன்றுமே பொய். ஒரே நாடகத்தை ஆளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆயுதக் கம்பெனிகளுக்கு லாபம் வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதானே? இதைத் தாண்டிப் புரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா? நடுவில் ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லையா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சொன்னார்கள். பல முறை சொன்னார்கள், அதுவும் காலம் கடந்தபின் அல்ல, நேரத்துக்கே சொன்னார்கள். இத்தனை வருடம் படித்தும் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது அதுதான்.

டோங்கினையே எடுத்துக்கொள்வோம். 1964 ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமின் படகுகள் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கியது நிஜம். அதனால் இரண்டு நாள் கழித்து மேடாக்ஸும் டர்னர் ஜாயும் அதே வளைகுடாவில் போகும்போது மாலுமிகள் ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தார்கள். கும்மிருட்டு, மோசமான வானிலை. ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன, நீருக்கடியில் வரும் ஒலியைப் பிடிக்கும் சோனார் கருவியில் டார்பிடோ சத்தம் கேட்டது. இரண்டு கப்பல்களும் இருட்டைப் பார்த்துச் சுட்டுத் தள்ளின. மேலே விமானத்தில் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற கடற்படை விமானி தாழப் பறந்து தேடிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு படகும் படவில்லை. கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஹெரிக் சில மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார். வந்த தகவல்களில் பல சந்தேகத்துக்குரியவை, வானிலையும் சோனார் ஆட்களின் பரபரப்பும் காரணமாக இருக்கலாம், மேற்கொண்டு எதுவும் செய்வதற்கு முன் முழுமையாக ஆராயுங்கள் என்று.

அந்தச் செய்தி வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அங்கிருந்து கேள்விமேல் கேள்வி வந்து நெருக்க, அன்றிரவு முதலில் நடந்த பதுங்கித் தாக்குதல் மட்டும் உண்மைதான் என்று ஹெரிக்கே சொல்லும்படி ஆனது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் பதிலடியை அறிவித்துவிட்டார். அந்தப் பதிலடி விமானங்களில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் யார் தெரியுமா? அதே ஸ்டாக்டேல். அடுத்த வருடம் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஏழு வருடத்துக்கும் மேல் ஹனோயில் சிறை, சித்திரவதை. அன்றிரவு கடலில் ஒன்றும் இல்லை என்ற ரகசியத்தைத் தன் வாயிலிருந்து பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தைச் சுமந்துகொண்டே அத்தனை வருடமும் அங்கே இருந்தார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனத்துவிடுகிறது.

ஆகஸ்ட் 7 அன்று, படையைப் பயன்படுத்த ஜான்சனுக்கு அனுமதி தரும் தீர்மானம் நிறைவேறியது. கீழவையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2.

மெய்ன் விஷயமும் இப்படித்தான். கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அந்த அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சில நாளிலேயே, கடற்படையின் வெடிமருந்து நிபுணர் பிலிப் ஆல்ஜர் பத்திரிகையிடம் பேசினார். கண்ணிவெடியாகத் தெரியவில்லை, கப்பலுக்குள்ளேயே ஏதோ வெடித்திருக்கிறது என்றார். 1976இல் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆய்வும் கிட்டத்தட்ட அதே முடிவுக்குத்தான் வந்தது. நிலக்கரி அறையில் பிடித்த தீ பக்கத்து வெடிமருந்துக் கிடங்குக்குப் பரவியிருக்க வேண்டும் என்றார்கள். நடுவில் 78 வருடம். ஆனால் 1898இல் கண்ணிவெடி என்று சொன்ன விசாரணைக் குழுவினர் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாடே எதிர்பார்த்த பதில் அது. அவர்களுக்கும் அதுவே கண்ணில் பட்டது.

இதனால்தான் ‘மூன்றுமே பொய்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1941இல் பேர்ல் ஹார்பர் மேல் ஜப்பான் நடத்திய தாக்குதல் பொய் இல்லை. 2001 செப்டம்பர் 11 பொய் இல்லை. ஆப்கானிஸ்தான் போர் பொய்யில் தொடங்கவில்லை, ஆனால் முடிந்த விதத்தில் வியட்நாமைவிட ஒன்றும் மேலாக இல்லை. அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. சம்பவம் நிஜமோ பொய்யோ, அது நடந்த சில நாட்களுக்குள் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று போருக்கு அனுமதி கொடுக்கப்படுகிறது. ‘இது எப்படி முடியும்? என்ன கிடைத்தால் திரும்பி வருவோம்?’ என்று அந்த நாட்களில் கேட்பவன் துரோகி மாதிரி பார்க்கப்படுகிறான். போரை அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான் கொடுத்திருக்கிறது. கடைசியாக அது முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில். கொரியாவில் தொடங்கி அப்புறம் நடந்த ஒரு போருக்கும் அறிவிப்பு கிடையாது.

இராக்கில் கேட்டவரும் உண்டு. 2003 பிப்ரவரி 25 அன்று, தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகியிடம், போருக்குப் பின் இராக்கைக் கட்டிக்காக்க எத்தனை பேர் வேண்டும் என்று செனட் குழு கேட்டது. பல லட்சம் பேர் தேவைப்படலாம் என்றார். வியட்நாமில் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர் அவர். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் இரண்டாம் நிலைத் தலைவர் உல்ஃபோவிட்ஸ், அந்தக் கணக்கு முற்றிலும் தவறு என்று தள்ளிவிட்டார். சரி, பாக்தாத் மூன்று வாரத்தில் விழுந்தது. மே மாதம் இராக் ராணுவத்தையே கலைத்து ஓர் உத்தரவு போட்டார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் சம்பளமும் மரியாதையும் போய்த் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள், இது பொதுவாகப் பேசப்படுவதில்லை. போன இடத்திலெல்லாம் அமெரிக்கர்கள் தங்களைப் போலவே ஒரு ராணுவத்தை உருவாக்கிவிட்டு வருகிறார்கள். ஹெலிகாப்டர் வந்து தூக்கும், மேலிருந்து குண்டு விழும், ரேஷன் வானத்திலிருந்து இறங்கும் என்று நம்பிச் சண்டை போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த ஹெலிகாப்டரைப் பழுது பார்ப்பவர்கள் அமெரிக்க ஒப்பந்தக்காரர்கள். 2021இல் அவர்கள் கிளம்பியதும் ஆப்கன் விமானங்களைப் பராமரிக்கப் போதிய ஆள் இல்லை. தாளில் மூன்று லட்சம் பேர் இருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. ஆகஸ்ட் 6 அன்று முதல் மாகாணத் தலைநகர் தாலிபானிடம் விழுந்தது, 15 அன்று காபூல். அந்த வீரர்கள் கோழைகள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அதற்கு முன் பத்தாயிரக்கணக்கில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1975இல் தென் வியட்நாம் ராணுவமும் இதே மாதிரி, உதவி சுருங்கியபின், இரண்டு மாதத்துக்குள் சரிந்தது.

ஆயுதக் கம்பெனிகளைப் பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதிபர் ஐசன்ஹோவரே 1961இல் எச்சரித்தார். ஆனால் அதைவிடப் பெரிய காரணமாக எனக்குப் படுவது, செலவு யார் தலையில் விழுகிறது என்பது. கொரியப் போருக்கு ட்ரூமன் வரியை ஏற்றினார். வியட்நாமுக்கு ஜான்சன் தயங்கித் தயங்கி 1968இல் கூடுதல் வரி போட்டார். கட்டாய ராணுவச் சேவை இருந்ததால் எந்த வீட்டுப் பையனுக்கும் அழைப்பு வரலாம். அது 1973இல் நின்றது. 2003இல் இராக்குக்குள் நுழைந்து இரண்டு மாதம் கழித்து வரியைக் குறைத்தார்கள். போர் கடனில் நடந்தது, பெரும்பாலான வீடுகளுக்கு அது செய்தித்தாளில் வரும் ஒரு விஷயம் மட்டுமே. இப்படி இருந்தால் எப்போது முடியும் என்று யார் போய் நெருக்குவார்கள்?

அந்த நாட்டின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. டோங்கினில் 1964 ஆகஸ்ட் 4 தாக்குதல் நடக்கவே இல்லை என்று எழுதியவர் அவர்களுடைய உளவு நிறுவனத்தின் வரலாற்றாசிரியர். அந்த ஆவணத்தை 2005இல் வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். உண்மை வெளியே வருகிறது. 41 வருடம் கழித்து.

2001 செப்டம்பர் 14 அன்று, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பதிலடியாகப் படையைப் பயன்படுத்தும் அனுமதிக்குக் கீழவையில் 420 பேர் ஆம் என்றபோது, பார்பரா லீ ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். எங்கே முடியும் என்று தெரியாத ஒன்றுக்குள் போக வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கொலை மிரட்டல்கள் வந்து அவருக்குப் பாதுகாப்புப் போட வேண்டியிருந்தது. அன்று நிறைவேறிய அனுமதியின் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் வெறும் 60 சொல். 2014இல் இராக்கிலும் சிரியாவிலும் ஐஎஸ் என்ற ஆயுதக் குழுவைத் தாக்கவும் அதையே காட்டினார்கள்.

2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்தது. நாட்டைவிட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்று கையில் காகிதங்களோடு கால்வாய்த் தண்ணீரில் நின்ற ஆப்கானியர்கள் ஏறத்தாழ 170 பேர் இறந்தார்கள். கூடவே அமெரிக்கப் படையினர் 13 பேர். அந்தப் பதின்மூவரில் ஐந்து பேருக்கு வயது 20. பார்பரா லீ எழுந்து நின்று பேசிய வருடத்தில் அவர்கள் கைக்குழந்தைகள்.