நாற்பது சேலை இருக்கு, கட்டத்தான் ஒன்றுமில்லை: வாசகர் கேள்வி-பதில்

காலை அவசரம், துணி, கடை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றியே இருந்ததால், மிக்ஸி வாரண்டி கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், தினமும் சேலைதான் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு டிபன், லஞ்ச் பாக்ஸ் எல்லாம் முடித்து 7.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பீரோவில் நாற்பது சேலைக்குக் குறையாது, ஆனாலும் எதைக் கட்டுவது என்று தினமும் திகைத்து நிற்கிறேன். பாதியை யாருக்காவது கொடுத்துவிட்டு, மடிப்பு வைத்துத் தைத்து வரும் 'ரெடி டு வேர்' சேலை நாலைந்து வாங்கிவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து ஒரு கணக்கு எடுங்கள். அந்த நாற்பதில் இந்த நிமிடமே கட்டிக்கொண்டு கிளம்பக்கூடியவை எத்தனை? பிளவுஸ் இன்றைய உடம்புக்குப் பிடிக்க வேண்டும், ஹூக் எல்லாம் இருக்க வேண்டும், ஃபால்ஸ் பிரிந்து தொங்கக் கூடாது, நிறத்துக்கு ஏற்ற பாவாடை இருக்க வேண்டும், இஸ்திரியும் போட்டிருக்க வேண்டும். பத்து தேறினாலே அதிசயம். மீதியெல்லாம் டெய்லரிடமோ அயர்ன் வண்டிக்கோ போக வேண்டிய பாக்கி வேலைகள், அவற்றைத்தான் தினமும் காலையில் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறீர்கள். தயாராக இருப்பதை மட்டும் கண்ணுக்கு நேரான தட்டில் வையுங்கள், மற்றதை மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். யாருக்கும் எதையும் இப்போதே கொடுக்க வேண்டாம்.

செலவு செய்வதென்றால் சேலையில் செய்யாதீர்கள், பிளவுஸில் செய்யுங்கள். சேலையோடு வரும் துணியைத்தான் தைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சேலை பொதுவாக ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணியோடு சேர்த்தால் ஆறே கால் மீட்டர் பக்கம் வரும், அதை வெட்டாமல் விட்டால் மடிப்பு தாராளமாக விழும். லைனிங் வைத்துத் தைக்கும் கூலி பல ஊர்களில் அன்றாடம் கட்டும் சேலையின் விலையையே எட்டிவிட்டது. அதனால் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு பிளவுஸ் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு கறுப்பு, மெரூன், கடுகு மஞ்சள், கரும்பச்சை, அப்புறம் கலம்காரி பிரிண்ட் ஒன்று, இவ்வளவை நல்ல டெய்லரிடம் நன்றாகத் தைத்துக்கொண்டாலோ, இழுபடும் பின்னல் துணியில் வரும் ரெடிமேட் பிளவுஸாக வாங்கினாலோ, உங்கள் சேலைகளில் முக்கால்வாசி ஓடிவிடும். ரெடிமேடில் கை உயர்த்திக் கரும்பலகையில் எழுதுவதுபோல் ட்ரையல் ரூமிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள், நிற்கும்போது பொருந்துவதெல்லாம் எழுதும்போது பொருந்தாது. பாவாடை கறுப்பு, மெரூன், சந்தனம் மூன்று நிறம் போதும்.

தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: காட்டன் லைனிங் துணியையும் ஃபால்ஸையும் தைப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல் துணி சுருக்கு விழுந்து, பிளவுஸ் மறுபடி அந்தப் பாக்கி வேலைக் கூட்டத்தில் போய்ச் சேரும். ஊறவைத்துவிட்டேன் என்று டெய்லர் சொன்னாலும், துணியை நீங்களே வீட்டில் நனைத்துக் கொடுப்பது நல்லது.

இனி ரெடி டு வேர் சேலை. ஜிப்போ ஹூக்கோ போட்டுப் பாவாடைபோல் மாட்டிக்கொள்வது நிஜமாகவே சீக்கிரம்தான். ஆனால் அது ஒரு இடுப்பு அளவுக்கும் ஒரு உயரத்துக்கும் தைத்தது, உடம்பு கொஞ்சம் மாறினால் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும், மடிப்பு தைத்திருப்பதால் இஸ்திரி போடுவது தனித் தலைவலி, அக்கா தங்கை மாற்றிக் கட்டவும் முடியாது. ஒன்று வாங்கி ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், எடுத்ததும் நாலைந்து வேண்டாம். பார்லர்களில் மடிப்பெடுத்து அயர்ன் செய்து பெட்டிபோல் மடித்துக் கொடுக்கிறார்களே, அது கல்யாணத்துக்குச் சரி. அன்றாடச் சேலைக்கு ஒரு துவையலோடு அந்தக் கூலி போச்சு.

துணியைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கண்டிப்பானது. கஞ்சி போட்டு இஸ்திரி போட வேண்டிய காட்டன் சேலை அழகுதான், அதை வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளுக்குக் காட்டன் கலந்த சேலையோ மெல்லிய மல் காட்டனோ எடுங்கள். ஜார்ஜெட்டுக்கு இஸ்திரித் தொல்லை இல்லை, ஆனால் திருச்சி ஏப்ரலில் பாலியெஸ்டர் ஜார்ஜெட்டோடு ஆறு பீரியட் நிற்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி: மெடிக்கல் ரெப். ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை பத்து வாங்கிவிட்டால் யோசனையே வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். இன்னொருவர் 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' (ஒன்றோடொன்று பொருந்தும் சில உடைகளை மட்டும் வைத்துக்கொள்வது) என்று ஒரு பட்டியல் அனுப்பினார். எது சரி? (வாசகர், சென்னை)

பதில்: அந்தப் பட்டியலில் பீஜ் நிற டிரெஞ்ச் கோட்டும் கம்பளி ஸ்வெட்டரும் இருந்திருக்குமே? குளிர்காலத்துக்கு ஒன்று கோடைக்கு ஒன்று என்று பீரோவை மாற்றுகிற ஊர்க்காரர்கள் எழுதியது. நமக்கு ஆண்டு முழுவதும் வியர்வை, நடுவில் கல்யாணமும் கோயிலும். அதை விட்டுவிடுங்கள்.

வெள்ளைச் சட்டையை வெயிலில் பைக் ஓட்டும் ஆளுக்கு நான் சொல்லமாட்டேன், காலர் அழுக்கைத் தேய்க்கவே தனியாக நேரம் வேண்டும். சட்டையைவிட பேன்ட்டை முடிவு செய்யுங்கள். நேவி, கரும் சாம்பல், கறுப்பு என்று மூன்று பேன்ட் இருந்தால் வெளிர் நிறச் சட்டை எதை எடுத்தாலும் பொருந்தும், யோசிக்க ஒன்றுமில்லை. சாக்ஸ் மட்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், அரை டஜனாக வாங்குங்கள். ஜோடி தேடும் வேலை அன்றோடு ஒழியும், ஒன்று கிழிந்தால் மற்றதும் வீணாகாது. இந்தக் கேள்வி-பதிலில் மிகக் குறைந்த செலவில் மிக அதிக பலன் தரும் யோசனை இதுதான் என்று நினைக்கிறேன்.

கசங்காது என்று விற்கும் 'ரிங்கிள் ஃப்ரீ' சட்டைகள் பலவற்றில் துணிக்கு ரெசின் என்ற பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள், துவைக்கத் துவைக்க அது குறைந்துகொண்டே போகும். முழுக் காட்டன் கசங்கும், பாலியெஸ்டர் அதிகமானால் வியர்வை உறிஞ்சாது. உள்பக்க லேபிளைப் பார்த்துப் பாதிக்கு மேல் காட்டன் இருக்கும் கலப்புத் துணியாக எடுங்கள், பிழியாமல் ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டிக் காய வையுங்கள். எந்தச் சட்டையானாலும் முதலில் ஒன்று வாங்கி நாலு முறை துவைத்துவிட்டு மற்றதை வாங்குங்கள். பத்தையும் ஒரே நாளில் வாங்கச் சொல்லும் நண்பர் அவற்றைத் துவைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

விலை விஷயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரிக்கு முன் 2,500 ரூபாய்ச் சட்டை உங்கள் கையில் 2,625க்கு வரும், 2,600 ரூபாய்ச் சட்டையோ 3,068 ஆகிவிடும். எம்ஆர்பியில் வரியும் அடக்கம் என்பதால் கடையில் இது கண்ணில் படாது, பில்லைப் பார்த்தால்தான் தெரியும். ஆபீஸ் சட்டைக்கு இந்தக் கோட்டைத் தாண்ட அவசியமே இல்லை.

கேள்வி: துணி அடுக்கும் ஆர்கனைசர் பெட்டிகள் செட்டாகத் தள்ளுபடியில் வருகின்றன. வாங்கினால் காலையில் நேரம் மிச்சமாகுமா? (வாசகி, கோவை)

பதில்: ஆகாது. மூடி போட்ட பெட்டிக்குள் போன துணி தீபாவளிக்குத்தான் வெளியே வரும். நம் ஸ்டீல் பீரோவில் தொங்கவிட ஒரு பக்கம்தான் கம்பி இருக்கும், அதில் பட்டுச் சேலையைத் தொங்கவிட்டிருப்போம். பட்டை மடித்து மேலே வைத்துவிட்டு, அந்தக் கம்பியை வார நாட்களுக்கு ஒதுக்குங்கள். சுடிதார், பேன்ட், துப்பட்டா மூன்றும் ஒரே ஹேங்கரில். உறுதியான ஹேங்கர் ஒரு டஜன் போதும்.

கேள்வி: ஆன்லைனில் குர்தி செட் வாங்கினேன். படத்தில் ஒரு நிறம், வந்தது வேறு. அளவும் பொருந்தவில்லை. 'இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்கிறார்கள். செட்டாக வாங்கினால் காலையில் மேட்சிங் தேட வேண்டாமே என்றுதான் வாங்கினேன். (வாசகி, மதுரை)

பதில்: செட்டாக வாங்கும் யோசனை நல்லதுதான், அதைக் கைவிடாதீர்கள். தனிக் குர்தி வாங்கி அதற்கு லெக்கின்ஸ் தேடி, துப்பட்டா தேடி அலைவதைவிட இது மேல். என் அளவுகோல் இதுதான்: வாங்கிய பிறகு அதற்குத் துணையாக இன்னொன்றை வாங்க வேண்டியிருக்கிற உடை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

உங்கள் புகாருக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் காட்டியதற்கு மாறாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. தளத்தில் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வந்த குர்தியைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், டேக்கைக் கிழிக்காதீர்கள், இரண்டையும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். நிறம் மாறியதை முதலில் சொல்லுங்கள். அளவு பொருந்தாததை மட்டும் சொன்னால், சைஸ் சார்ட்டைப் பார்க்காதது உங்கள் தவறு என்று நழுவிவிடுவார்கள்.

அடுத்த முறை எல், எக்ஸ்எல் எழுத்துகளை நம்பாதீர்கள், பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய குர்தி ஒன்றைத் தரையில் விரித்து அக்குள் முதல் அக்குள் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள், அதுதான் உடையின் மார்பளவு. சார்ட்டில் இருப்பது உடம்பின் அளவா உடையின் அளவா என்று பார்த்து ஒப்பிடுங்கள். ரேயான் என்றால் சுருக்கத்துக்கு இடம் விட்டு எடுங்கள். 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்ற சிவப்பு எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். பொய்யாக இப்படி அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன, அப்படியும் நிற்கவில்லை.

கேள்வி: கடையில் வாங்கிய சுடிதார் முதல் சலவையிலேயே சாயம் போய் மற்ற துணிகளையும் கெடுத்துவிட்டது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதா? (வாசகர், சேலம்)

பதில்: செய்யலாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். பில்லில் அச்சடித்த ஒரு வரி சட்டத்தை மாற்றிவிடாது. ஆனால் இது குறையுள்ள பொருளுக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் நிறம் பிடிக்கவில்லை, மனைவி வேண்டாம் என்கிறார் என்றால் கடைக்காரர் மாற்றித் தருவது அவர் நல்ல மனசு, நம் உரிமை இல்லை.

லேபிளில் உள்ள சலவை முறைப்படிதான் துவைத்தீர்களா என்று கேட்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். கடையில் பேசி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 800 ரூபாய் சுடிதாருக்கு ஆணையம் வரை போவதா என்றால், பெரும்பாலும் 1915லேயே முடிந்துவிடும்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் ஆபீஸுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி வைக்கலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உள்ளாடை, பாவாடை, லெக்கின்ஸ், துண்டு என்று நிறமும் அளவும் முன்பே தெரிந்தவற்றை வாங்கலாம். சேலை, சுடிதார் மூன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்றால், அந்த நாலாவது எப்போதும் மிஞ்சிப்போனதில் ஒன்றாகத்தான் இருக்கும். கைத்தறி வேண்டுமென்றால் தீபாவளி வரை பொறுங்கள், கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் அரசுத் தள்ளுபடி வரும், விலையை ஏற்றிவிட்டுக் குறைத்தார்களோ என்ற சந்தேகமும் வேண்டாம்.

கேள்வி: ஒதுக்கிய துணியை என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மேல் தட்டுக்கு ஏற்றியவை ஆறு மாதமாக இறங்கவில்லை என்றால், பிளவுஸ் பொருந்துகிற ஆளிடம் பிளவுஸோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், வாங்குகிறவருக்கும் தையல் கூலி மிச்சம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர் உங்கள் தெருவுக்கு இன்னும் வருகிறார் என்றால் கெட்டியான சிந்தெட்டிக்குக்கும் சரிகைச் சேலைக்கும் பேரம் பேசுங்கள். அவர் முதலில் சொல்லும் பாத்திரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த சைஸ் மூட்டைக்குள் இருக்கும்.