45 ஆட்டம், 4 கோல், ஒரு கண்

கேள்வி: அமெரிக்காவின் பாஸ்டன் புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 2022இல், தன் முன்னாள் வீரர் வில்லி ஓ'ரீ அணிந்த 22ஆம் எண்ணை இனி யாருக்கும் தராமல் நிறுத்திவிட்டதாகப் படித்தேன். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல். லீகில் அவர் ஆடியதே 45 ஆட்டம். அடித்தது 4 கோல். இவ்வளவு பெரிய மரியாதை கொஞ்சம் அதிகம் இல்லையா?
- ஹாக்கி ரசிகர், கோவில்பட்டி

பதில்: இல்லை. இதைவிட முன்பே செய்திருக்க வேண்டும் என்பேன். 1958 ஜனவரி 18, மாண்ட்ரியல் நகரம். அன்று ஓ'ரீ புரூயின்ஸ் சட்டையோடு பனித்தளத்தில் இறங்கியபோதுதான் அந்த லீகில் முதன்முதலாக ஒரு கறுப்பின வீரர் ஆடினார். அப்போது லீகில் இருந்தவை 6 அணிகள்தான். வெள்ளையருக்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1961இல் சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் நிறத்தைச் சொல்லி ஏசி, மட்டையின் பிடிமுனையால் வாயில் இடித்தார், முன்பற்கள் போயின. அந்த சீசனோடு என்.எச்.எல். கதவு அவருக்கு மூடிவிட்டது. அடுத்த கறுப்பின வீரர் அங்கே வர 1974 ஆனது. அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், 45 சின்ன எண்ணா?

கேள்வி: அவருக்கு ஒரு கண் தெரியாது என்கிறார்களே, உண்மையா? வேகமாக வரும் பக்கை எப்படிப் பார்த்தார்?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உண்மைதான். கனடாவில் ஜூனியர் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கெட்டி ரப்பர் வட்டு முகத்தில் பட்டு, வலக்கண் பார்வை 95 சதவீதம் போய்விட்டது. இனி ஆடவே முடியாது என்றார் மருத்துவர். ஒரு கண் பார்வை இல்லாதவர் என்.எச்.எல்.லில் ஆடக்கூடாது என்று விதியும் இருந்தது. மிக நெருங்கிய ஓரிருவரைத் தவிர யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, அவர் ஆடிய இடம் லெஃப்ட் விங். நானும் பள்ளி நாட்களில் லெஃப்ட் விங் ஆடியவன் என்பதால் அதன் கஷ்டம் எனக்குத் தெரியும். இடது ஓரமாக ஓடுபவனுக்கு எல்லாமே வலப்பக்கம்தான்: சென்டர் தரும் பாஸ், எதிராளி, கோல். அவருக்கோ அந்தப் பக்கம் இருட்டு. கழுத்தை முழுக்கத் திருப்பி இடக்கண்ணால் பக்கைத் தேட வேண்டும். அதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். அந்த 45 ஆட்டத்தையும் இப்படித்தான் ஆடினார்.

பிறகு வெஸ்டர்ன் ஹாக்கி லீகில் லாஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் அணிக்குப் போனார். அங்கே கோச் ஆல்ஃப் பைக் அவரை ரைட் விங்குக்கு மாற்றினார். ஆட்டம் முழுவதும் நல்ல கண்ணின் பக்கம் வந்துவிட்டது. மட்டையை இடப்பக்கம் பிடித்து அடிப்பவர் ஆதலால் கோலை நோக்கிய கோணமும் விரிந்தது. 1964-65 சீசனில் 38 கோல்! பாஸ்டனில் யாராவது இந்த மாற்றத்தைச் செய்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. 1979 வரை, 43 வயது வரை ஆடினார்.

கேள்வி: ஓய்வுக்குப் பின் என்ன ஆனார்?
- வாசகர், ஈரோடு

பதில்: சான் டியாகோ பக்கம் ஹோட்டல் பாதுகாப்புப் பணியில் இருந்தார். 1998இல் என்.எச்.எல். அழைத்தது; ஐஸ் ஹாக்கியை எட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத பிள்ளைகளிடம் ஆட்டத்தைக் கொண்டுபோகும் வேலை. ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார். 2018இல் ஹாக்கி சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ஆனால் ஆட்டக்காரராக அல்ல, ஆட்டத்தை வளர்த்தவர் என்ற பிரிவில். இதை என்னால் ஏற்க முடியவில்லை. என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடாத சோவியத் கோல்கீப்பர் விளாடிஸ்லாவ் ட்ரெட்டியாக்கை 1989இலேயே ஆட்டக்காரராகச் சேர்த்தார்கள். அது சரியான முடிவு. ஓ'ரீக்கும் அந்தப் பிரிவில் இடம் தந்திருக்க வேண்டும்.