வியாழக்கிழமை அனுப்பிய வொய்ஸ்

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்பு. முல்லைத்தீவில் மீன் வியாபாரம் செய்யும் சொந்தக்காரர் ஒருவரிடம் போன மாதம் பழைய சிங்கிள் கப் வாகனம் ஒன்றை 28 இலட்சத்துக்கு வாங்கினேன். ஓபன் பேப்பர்தான், பெயர் இன்னும் மாற்றவில்லை. பிரேக் கல்லு மாதிரி என்று வற்றாப்பளை அம்மாளாச்சி மேல் சத்தியம் செய்து தந்தார். மூன்றாம் கிழமை பெடல் கீழே போகத் தொடங்கியது. கராச்சில் காட்டினேன். பின்பக்கப் பிரேக் பைப் துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பிரேக் எண்ணெய் மட்டும் விட்டுத் தந்தார்கள். அன்று வியாழக்கிழமை, உடனே விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டேன். "பாப்பம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கச்சான் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போகும்போது, தருமபுரத்தில் முன்னால் போன ஓட்டோ சிக்னல் போடாமல் நின்றது. பெடலை மிதித்தேன், தரைமட்டும் போனது. ஓட்டோ ஓடியவருக்குக் கால் முறிந்துவிட்டது. பொலிஸ் வழக்குப் போட்டிருக்கிறது. விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை. மனைவியின் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாமா? ஓட்டோக்காரருக்கான நட்டத்தை அவரைக் கட்ட வைக்கலாமா? என்னிடம் வொய்ஸ் ஆதாரம் இருக்கிறது.

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். அதை மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். வெட்டிய மூன்றரைப் பக்கத்தில் அந்த மனிதர் உங்கள் வீட்டில் எத்தனை தரம் சாப்பிட்டார், கையைப் பிடித்து என்ன சொன்னார் என்பதுதான் பெரும்பாலும் இருந்தது. கோபம் நியாயம். ஆனால் அம்மாளாச்சி மேல் செய்த சத்தியத்துக்கு அவர் அம்மாளாச்சியிடம் பதில் சொல்லட்டும், மாவட்ட நீதிமன்றத்தில் அதற்குப் பெறுமதி இல்லை. ஓட்டோ சிக்னல் போட்டதா இல்லையா என்பதையும் விடுங்கள். பின்னால் வருபவர் நிறுத்தக்கூடிய இடைவெளி விட்டுத்தான் வர வேண்டும்.

சட்டத்துக்கு இதில் வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். பிரேக் பிழை என்பது யாருக்கு, எப்போது தெரியும்?

உங்களுக்கு வியாழக்கிழமை தெரியும். விபத்து ஞாயிற்றுக்கிழமை.

நீங்கள் அனுப்பிய வொய்ஸை இரண்டு தரம் கேட்டேன். "அண்ணை, பெடல் கீழ போகுது, பின் பைப் இத்துப்போச்சாம், உயிரோட விளையாடாதேங்கோ" என்று சொல்கிறீர்கள். இதை உங்கள் பிரம்மாஸ்திரம் என்று நினைத்து வைத்திருக்கிறீர்கள். ஓட்டோக்காரரின் சட்டத்தரணி கையில் கிடைத்தால், அவர் வேறு சாட்சியே தேடமாட்டார். உயிராபத்து என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் மூட்டை அடுக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்திருக்கிறீர்கள். "பிரேக் பிடிக்கவில்லை, நான் என்ன செய்ய" என்ற வாதம் பிழை தெரியாமல் ஓடியவருக்கு உதவலாம். தெரிந்து ஓடியவருக்கு அது வாதமே இல்லை, ஒப்புதல்.

அதற்காக வொய்ஸை அழித்துவிடாதீர்கள். இதைப் படித்ததும் உங்கள் விரல் அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியும். விற்றவருடைய போனில் அது இருக்கும். உங்கள் போனில் மட்டும் இல்லை என்றால், மறைக்கப் பார்த்தவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அப்படியே இருக்கட்டும். ஊரெல்லாம் அனுப்பவும் வேண்டாம், முகநூலில் போடவும் வேண்டாம்.

இனி விற்றவரின் பக்கம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 15ஆம் பிரிவில், பொருளின் தரம் பற்றி விற்பவர் வாய் திறக்காவிட்டாலும் சில உத்தரவாதங்கள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான் அது. உங்கள் ஆள் விற்பது மீன். கப்பை ஒரு தடவை விற்றிருக்கிறார். பாவனையாளர் அதிகார சபைக்கு முறையிடலாமே என்று உங்கள் மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் என்ற முறைப்பாட்டை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதுவும் வியாபாரிக்கு எதிரானதுதான். வாகன விற்பனை நிலையத்தில் வாங்கியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அப்புறம் அந்த விற்பனைத் துண்டு. கொமினிகேசனில் டைப் அடித்து இரண்டு பேரும் கையெழுத்து வைத்தது: "வாகனத்தைப் பார்வையிட்டு, ஓட்டிப் பார்த்து, திருப்தியுடன் உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்." வன்னியில் நான் பார்த்த வாகன விற்பனைத் துண்டுகளில் பாதிக்கு மேல் இந்த வரி எழுத்து மாறாமல் இருக்கும், பிழையான எழுத்துக்கூட ஒன்றுதான். ஒரே கொம்பியூட்டரில் இருந்து ஊர் முழுக்கப் போயிருக்க வேண்டும். வாசிக்காமல் கையெழுத்து வைப்பார்கள். அந்த வரியை உடைக்க ஒரு வழி உண்டு: விற்றவர் பிழையைத் தெரிந்தே மறைத்தார் என்று காட்டுவது. மோசடிக்கு முன்னால் "உள்ளபடியே" நிற்காது. அதற்குச் சத்தியம் போதாது. அவருடைய பழைய மெக்கானிக் யார், "பைப்பை மாத்து" என்று அவருக்கு முன்பே சொன்னாரா, சொன்னதை நீதிமன்றத்தில் வந்து சொல்வாரா? அந்த ஒரு ஆள் கிடைத்தால் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. கிடைக்காவிட்டால் இல்லை.

இதற்கு ஒத்த வழக்கு ஒன்று இருக்கிறது. 1969இல் இங்கிலாந்தின் அன்றைய அதியுயர் நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்த்த ஹெண்டர்சன் வழக்கு. இறக்கத்தில் வந்த லொறி ஒன்றின் பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, எண்ணெய் வெளியேறி, ஒருவர் இறந்துபோனார். துரு இருந்த பகுதி பைப்பைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். லொறிக் கம்பனி, "நாங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், கழற்றிப் பார்க்கச் சொல்லி தயாரித்தவனே சொல்லவில்லை" என்றது. பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. அந்த லொறி முன்பு என்ன ஏற்றியது, உப்போ கடல் நீரோ பட்டதா என்று வாகனத்தின் பழைய கதையை நீங்கள் சொல்லவில்லையே என்று கேட்டார்கள். கவனமாக இருந்தோம் என்று காட்டும் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுந்தது. இலங்கையில் இப்படியான நட்டஈட்டு வழக்குக்கு உள்ள எங்கள் ரோமன் டச்சுச் சட்டத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் கவனயீனம் பற்றிப் பேசும்போது இங்கேயும் எடுத்துக்காட்டுவார்கள்.

இப்போது உங்கள் கப்பை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்காக முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றிய வாகனம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தட்டின் மூலையால் ஒழுகி, பின் அச்சுக்கு மேலே போகும் அந்த மெல்லிய இரும்புப் பைப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கும். வாங்கிய அன்று தட்டில் மீன் மணம் போகவில்லை, மூன்று தரம் கழுவினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மணம் விற்றவருக்கு எதிரான சாட்சி. உங்களுக்கும் எதிரான சாட்சிதான். லைசன்ஸ் இருக்கிறது, புகைப் பரிசோதனை பாஸ் என்கிறீர்கள். புகைப் பரிசோதனையில் புகையைத்தான் பார்ப்பார்கள், தம்பி. பைப்பைப் பார்ப்பதில்லை.

நான் அதிகம் பயப்படுவது நீதவான் நீதிமன்றத்தை நினைத்துத்தான். கால் முறிவு சட்டத்தில் பாரதூரமான காயம். கவனயீனத்தால் அதை விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவை 329ஆம் பிரிவு. வாசலில் யாராவது வந்து உங்கள் காதில் சொல்வார்: "குற்றவாளி எண்டு சொல்லிப்போட்டு தண்டத்தைக் கட்டிட்டுப் போ தம்பி, ஒரு நாளோட முடியும்." முடியாது. மாங்குளம் பக்கத்தில் ஒரு கட்சிக்காரர் அப்படித்தான் செய்தார், என்னிடம் வருமுன். மோட்டார் சைக்கிளில் வந்தவரை இடித்த வழக்கு. ஒப்புக்கொண்டார், தண்டம் கட்டினார், பின்னேரம் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. பதினெட்டு மாதம் கழித்து மாவட்ட நீதிமன்றத்தில் இருந்து நட்டஈட்டு வழக்கின் அழைப்பாணை வந்தது. தவறால் வந்த நட்டத்துக்கு வழக்கிட இரண்டு வருடம் இருக்கிறது, காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 9ஆம் பிரிவு. இடிபட்டவர் பொறுமையாக இருந்து, என் கட்சிக்காரர் கூண்டில் நின்று சொன்ன "குற்றவாளி" என்ற சொல்லைச் சான்றாகக் கொண்டுவந்தார். அதன் பிறகு நான் போய் என்ன பேசுவது? தொகையைக் குறைக்கத்தான் பேசினேன்.

ஆகவே குற்றப்பத்திரத்தை வாசிக்காமல், ஓட்டோக்காரருடன் கதை எங்கே நிற்கிறது என்று தெரியாமல், முதல் தவணையில் ஒப்புக்கொள்ள வேண்டாம். குற்றமில்லை என்று சொல்லிக் கடைசிவரை சண்டை பிடியுங்கள் என்றும் சொல்லவில்லை. முதலில் எது, பிறகு எது என்ற ஒழுங்கைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது பயம், பழைய பைப். பொலிஸ் வாகனத்தை விட்டதும் கராச்சில் கொடுத்துப் புதுப் பைப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் வாகனப் பரிசோதகர் அதற்கு முன் பார்த்தாரா? அறிக்கையில் என்ன எழுதினார்? அதன் பிரதி என்னிடம் இல்லை. அவர் "பிரேக் பிழை" என்று மட்டும் எழுதியிருந்தால், அது துருவா, எண்ணெய் குறைந்ததா, கராச்சில் ஒழுங்காகப் பூட்டவில்லையா என்பதைச் சொல்ல அந்தப் பழைய பைப் ஒன்றுதான் இருக்கிறது. இன்றைக்கே போய் கராச்சின் இரும்புக் குவியலில் தேடுங்கள். கிடைத்தால் துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். உரப்பையில் போட்டு, மெக்கானிக்கிடம் திகதியுடன் ஒரு துண்டு எழுதி வாங்கி வையுங்கள். இரும்புக்காரன் கொண்டுபோயிருந்தால், விற்றவருக்கு எதிரான உங்கள் வழக்கையும் அவன்தான் கொண்டுபோயிருக்கிறான்.

மூன்றாவது, ஓபன் பேப்பர். பதிவுப் புத்தகத்தில் இன்னும் அவர் பெயர். காப்புறுதியும் அவர் பெயரில். அவர் விற்றுவிட்டார், வாகனத்தில் அவருக்கு இனி அக்கறை இல்லை, ஓடியவர் எங்கள் ஆள் இல்லை என்று காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கப் பார்க்கும். அப்படி விரித்தால் ஓட்டோக்காரரின் முழுத் தொகையும் உங்கள் சட்டைப்பையில் இருந்துதான் போக வேண்டும். 28 இலட்சம் கொடுத்தவர், பெயர் மாற்றும் அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு வாங்கிய வினை இது. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அவர் தனக்குச் சொந்தமில்லாததை உங்களுக்கு விற்றிருக்கிறார், அது வேறு கடிதம்.

ஆனால் இதிலேயே உங்களுக்கு ஒரு பிடியும் இருக்கிறது. பதிவுப் பெயர் அவருடையது என்பதால் ஓட்டோக்காரர் வழக்கிட்டால் அவரையும் எதிராளியாக இழுப்பார். தான் விற்றுவிட்டதாக அவர் கடைசியில் நிரூபிக்கலாம், ஆனால் அதற்கு அவரும் தவணைக்குத் தவணை கிளிநொச்சிக்கு வர வேண்டும். அதிகாலையில் கரைக்குப் போகிற வியாபாரிக்கு நீதிமன்ற நாள் என்பது ஒரு நாள் உழைப்பு. போன் எடுக்காத மனிதர், இதை ஒரு சட்டத்தரணியின் கடிதத்தில் கண்டால் எடுப்பார்.

ஆகவே நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. 28 இலட்சம் திரும்பி வராது. 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனத்துக்கு ஏறிய விலையில் வாங்கியிருக்கிறீர்கள். பெற்று, ஓடி, ஏற்றி, இடித்து, திருத்தியும் விட்டீர்கள். அந்த வாகனத்தைத் திருப்பி எடு என்று நீதிமன்றம் அவருக்குச் சொல்லும் என்று நம்பி வருடக்கணக்காக அலைய வேண்டாம். சமாதானத்துக்குப் போங்கள்.

முதலில் ஓட்டோக்காரரிடம். நீங்களாகப் போகாமல் ஊரில் இரண்டு பேருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரோடு போங்கள். மருந்துச் செலவு, கால் ஊன்றும்வரை போன உழைப்பு, ஓட்டோ திருத்தம், இதுதான் கணக்கு. ஓட்டோ அவருடையதா அல்லது நாள் வாடகைக்கு ஓடுகிறாரா என்று கேளுங்கள். வாடகை என்றால் ஓட்டோவின் சொந்தக்காரரும் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு விபத்துக்கு இரண்டு தரம் கட்டுவீர்கள். அப்படிக் கட்டியவர்கள் என் கட்சிக்காரரில் இருக்கிறார்கள். காசைத் துண்டு துண்டாக, கை மாற்றாகக் கொடுக்க வேண்டாம். தொகை, திகதி, இது முழுத் தீர்வு என்ற வசனம், எல்லாம் எழுத்தில் வரட்டும். மத்தியஸ்த சபைக்குள் அடங்கும் தொகை என்றால் அங்கேயே வைத்து முடிப்பது இன்னும் நல்லது. பொலிஸ் வழக்கு இதனால் தானாக முடிந்துவிடாது, ஆனால் தண்டனை பேசும் நேரத்தில் நட்டஈடு கொடுத்த ஆளுக்கும் கொடுக்காத ஆளுக்கும் வித்தியாசம் இருக்கும்.

பிறகு விற்றவரிடம். பைப், பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றின் செலவையும் ஓட்டோக்காரருக்குக் கொடுத்ததில் ஒரு பங்கையும் கேளுங்கள். பாதி கேட்டுக் கால்வாசி கிடைத்தால் வாங்குங்கள். அதைவிட முக்கியம், அந்த மேசையிலேயே பெயர் மாற்றப் படிவங்களில் ஒழுங்காகக் கையெழுத்து வாங்குவது. விபத்தைக் காப்புறுதிக்கு அவர் அறிவித்தாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே அறிவிக்கச் சொல்லுங்கள்.

வரும்போது அந்த டைப் அடித்த துண்டு, பதிவுப் புத்தகத்தின் பிரதி, பரிசோதகரின் அறிக்கை, உரப்பையில் பைப், நாலையும் கொண்டு வாருங்கள். மாஸ்டர் சிலிண்டரை இன்னும் மாற்றவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பஸ்ஸில் வாருங்கள்.