‘எஸ்கூல்’ என்று சொன்னால் ஸ்பீச் தெரபியா?

கேள்வி: டெக்சாஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் மெக்சிகோ குடும்பத்துப் பையன் ஒருவன், வயது 5. ‘ஸ்கூல்’ என்பதை ‘எஸ்கூல்’ என்கிறான். ‘வெரி’ என்பது ‘பெரி’ ஆகிவிடுகிறது. ‘ஷி நோ வான்ட்’ என்கிறான். ஸ்பீச் தெரபிக்கு அனுப்பச் சொல்லலாமா?

பதில்: இந்த மூன்றை மட்டும் வைத்து வேண்டாம். மூன்றுமே வீட்டில் பேசும் ஸ்பானிஷ் செய்கிற வேலை. அந்த மொழியில் ‘ஸ்க’, ‘ஸ்ட’ என்று எந்தச் சொல்லும் தொடங்காது, முன்னால் ஓர் ‘எ’ வந்து உட்காரும். பள்ளிக்கே அங்கே ‘எஸ்குவேலா’ என்றுதான் பெயர். நம் ஊரில் ‘இஸ்கூல்’ என்கிற பாட்டியை யாராவது டாக்டரிடம் கூட்டிப் போகிறோமா? பி, வி இரண்டும் ஸ்பானிஷில் எழுத்தில்தான் வேறு, ஒலி ஒன்றே. வினைக்கு முன்னால் ‘நோ’ போடுவதும் அதன் இலக்கணம்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘யெஸ்டர்டே ஹி வாக்’ என்று இறந்தகாலத்தை விழுங்குவது, ஆங்கிலம் மட்டுமே பேசும் குழந்தையிடம் மொழிக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கிற குழந்தையும் அதையேதான் செய்யும். ஆங்கிலத்தை மட்டும் கேட்டுப் பிரித்தறிய முடியாது.

வட்டார வழக்கையும் பாருங்கள். கரீபியன் பக்கத்துப் போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஸ்பானிஷில் அசைக் கடைசி ‘ஸ்’ தேய்ந்துவிடும். அந்த ஊர்க் குழந்தை ‘டூ கேட்ஸ்’ என்பதை ‘டூ கேட்’ என்றால் ஆச்சரியமில்லை. மெக்சிகோவின் பெரும்பகுதியில் ‘ஸ்’ தெளிவாக நிற்கும். அதனால் உங்கள் பையனுக்கு அந்தச் சமாதானம் அவ்வளவாகப் பொருந்தாது.

சரி, என்ன செய்வது? அம்மாவிடம் கேளுங்கள்: அண்ணன், அக்காவோடு ஒப்பிட்டால் இவன் தாமதமாகப் பேசினானா? சொல்வது வீட்டாருக்குப் புரிகிறதா? அப்புறம் ஒரு படக்கதையை ஸ்பானிஷில் சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தின் ‘தி’ (the) போல வரும் ‘எல்’, ‘லா’ என்ற சொற்களை விடுகிறானா, மாற்றிப் போடுகிறானா என்று ஸ்பானிஷ் தெரிந்த சக ஆசிரியர் கேட்டுச் சொல்லட்டும். அங்கேயும் தடுமாறினால் தயங்காமல் அனுப்புங்கள், ஆனால் இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லி. 1970-இல் கலிஃபோர்னியாவில், ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்துச் சிறப்பு வகுப்பில் போட்டது வழக்கு வரை போனது.

அதுவரை ‘வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்’ என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.